திரும்பி வரும் தேதி

அக்காஆஆ, நம்ம கல்லூரியின் வெளிநாட்டு உறவுப் பிரிவில் எனக்கு வேலை கிடைத்துவிட்டது, அதுவும் அப்பாவின் மேசைக்கு எதிர் மேசையில்!

நீ படிக்கப் போன நாட்டுச் சீரியல்களை ஆன்லைனில் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்ட மொழிதான் வேலை வாங்கித் தந்தது. என்ன, வாயைத் திறந்தால் வில்லி மாதிரிப் பேசுகிறேனாம்.

நீ அங்கேயே கல்யாணம் செய்துகொண்டதிலிருந்து அப்பா வீட்டில் உன் பேச்சையே எடுப்பதில்லை. ஆபீசில் கதையே வேறு! கல்வித் திட்ட அதிகாரி அவர்தானே. நாம் அனுப்பிய மாணவர் ஒருவராவது அங்கே இருந்தால்தான் நீ அங்கே படித்த கல்லூரியோடு போட்ட ஒப்பந்தம் நீடிக்கும். இதுவரை போனது நீ ஒருத்திதான். அதனால் நான்கு வருடமாக ஆண்டுத் திட்டத்தில் உன்னைப் "படித்துக்கொண்டிருக்கிறார்" என்றே எழுதி வருகிறார்.

நேற்று முதல்வர் பிடித்துவிட்டார். "என்ன சார், ஒரு வருஷப் படிப்பை இன்னுமா படிக்கிறாங்க?"

"கொஞ்சம் மெதுவா படிக்கிற பொண்ணு சார்."

தங்கப் பதக்கம் வாங்கிய உன்னை, அக்கா! நான் சிரிப்பை அடக்க ஃபைலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

"அப்ப திரும்பி வர்ற தேதியைப் போடுங்க," என்று படிவத்தை நீட்டிவிட்டுப் போனார் முதல்வர்.

அப்பா பேனாவைத் திறந்தார், மூடினார், படிவத்தை என் பக்கம் தள்ளினார். "வெளிநாட்டு விவகாரம் உன் பிரிவுதானே? நீயே கேட்டு எழுது."

"அவ திரும்பிட்டா ஒப்பந்தமே போயிடுமேப்பா?"

"போனா போகட்டும். மாப்பிள்ளைக்கு எப்ப லீவுன்னும் கேளு."

மாப்பிள்ளையாம்! காதில் விழுந்ததா? உடனே தேதியை அனுப்பு, ரெண்டு பேருக்கும்.

கட்டத்தைக் காலியாக வைத்துக் காத்திருக்கும்,
உன் தங்கச்சி