டத்தோ பார்க்காத எலிகள்

3 மார்ச் 1997
எங்கள் ஆராய்ச்சி லேபுக்கு டத்தோ பட்டம் வாங்கிய பெரிய மனிதர் ஒருவர் வருகிறாராம். சுவருக்குச் சாயம், பூச்சட்டிக்குச் சாயம், வாசல் கல்லுக்கும் சாயம். கொஞ்சம் அசையாமல் நின்றால் நமக்கும் ஒரு பூச்சு விழும்.

6 மார்ச்
எலி அறை நாறக்கூடாதாம். எங்கள் தலைவர் டாக்டர் கனகசுந்தரத்தின் உத்தரவு: எலிகளின் தண்ணீரில் ஆன்டிபயாட்டிக் கலக்க வேண்டும். பால் கொடுக்கும் தாய் எலிகளுக்கும்தான்.

"டாக்டர், குட்டிங்க வயித்துல இருக்கிற பாக்டீரியா எல்லாம் செத்துடும். என் மாஸ்டர்ஸே அதுங்கள நம்பித்தான் இருக்கு" என்றேன்.

"செத்தா நல்லதுதானே, புஷ்பா? கிளீன் லா!"

லண்டனில் பட்டம் வாங்கிய வாய்!

எலிகளைப் பார்த்துக்கொள்ளும் அய்யாக்கண்ணு அண்ணன் என்னைப் பாவமாகப் பார்த்தார். "பாஸ் சொல்லிட்டாரே, தங்கச்சி." கலக்கினார்.

14 மார்ச்
டத்தோ வந்தார். இரண்டு கறிபாப் சாப்பிட்டார். எலி என்றதும் கையை ஆட்டிவிட்டுக் காருக்கு நடந்தார்.

23 ஏப்ரல்
"அந்த எலிங்கள வச்சு அப்படி என்னதான் பண்றே?" அம்மா கேட்டார்.

"உடம்புல டி செல்னு இருக்கும்மா. அதுல ரெண்டு கட்சி, நம்ம கோயில் கமிட்டி மாதிரி. ஒண்ணு கிருமியோட மோதும். இன்னொண்ணு கை ஓங்கிட்டா தும்மல், அரிப்பு, இளைப்பு. வயித்து பாக்டீரியாதான் ரெண்டையும் அடக்கி வைக்கும்."

"பரவால்லையே. அங்கயாவது அடக்க ஆள் இருக்கு."

20 மே
முடிவு வந்தது. குட்டியாக இருக்கும்போதே முட்டைப் புரதம் ஊட்டிப் பழக்கினால், பிறகு அதையே ஊசியில் போட்டாலும் எலியின் உடம்பு பேசாமல் இருக்க வேண்டும். என் ஆய்வே அதன்மேல்தான் நிற்கிறது. ஒன்றுகூடப் பேசாமல் இல்லை. அத்தனைக்கும் ஒவ்வாமை. அரிப்புக் கட்சி ஆட்சியைப் பிடித்துவிட்டது.

டாக்டர் தாளைப் பார்த்தார். "உன் கை சரியில்ல. செப்டம்பரோட கான்ட்ராக்ட் முடியுது, தெரியும்ல?" தண்ணீரை ஞாபகப்படுத்தினேன். "எந்தத் தண்ணி?" என்றார்.

எந்தத் தண்ணியா? எந்தத் தண்ணியாம்! டாய்லெட்டில் போய் அழுதேன். அங்கேயும் சாய வாசனை.

21 மே
அழுது என்ன ஆகப்போகிறது? தப்பு தண்ணீரில்தான் என்றால் அதையே காட்டிவிட்டால் போயிற்று. புதுக் குட்டிகளுக்கு வேண்டுமென்றே மருந்து. அவற்றில் பாதிக்கு, மருந்து குடிக்காத எலிகளின் புழுக்கையைக் கரைத்து ஊட்டப்போகிறேன். செத்த பாக்டீரியாவுக்குப் பதில் புது பாக்டீரியா.

பட்டத்துக்காக எலிப் புழுக்கை கரைத்த முதல் யாழ்ப்பாணத்து வீட்டுப் பெண் நானாகத்தான் இருப்பேன். அம்மாவிடம் சொல்லவில்லை. மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறார்.

2 ஜூலை
புழுக்கை. புழுக்கை. புழுக்கை.

28 ஆகஸ்ட்
அடங்கிவிட்டது! புழுக்கை குடித்தவை பேசாமல் இருக்கின்றன. மற்றவற்றுக்குத்தான் ஒவ்வாமை. சந்தோஷத்தில் அய்யாக்கண்ணு அண்ணன் கையைப் பிடித்துக் குலுக்கியதில் அவர் வைத்திருந்த கூண்டு விழப் பார்த்தது.

டாக்டர் நிதானமாகச் சொன்னார்: "நான் யோசிச்சுதான் அன்னைக்கே கலக்கச் சொன்னேன்."

அட, தண்ணீர் ஞாபகம் வந்துவிட்டது! கான்ட்ராக்டும் நீண்டுவிட்டது. புழுக்கைக் கிண்ணத்தைக் கழுவப் போனேன்.

9 பிப்ரவரி 1998
ஆய்வேடு தேறியது. அட்டை போட்டு வந்துவிட்டது. நன்றியுரையில் எழுதியிருக்கிறேன்: 'டத்தோ அவர்களின் வருகை இல்லாவிட்டால் இந்த ஆய்வு நடந்தே இருக்காது.'

டாக்டர் அதை இரண்டு தரம் படித்தார். "இதான் லா மரியாதை. டத்தோவுக்கு ஒரு காப்பி அனுப்பிடு."

அனுப்பினேன்.

2 மார்ச்
டத்தோவுக்கு ரொம்ப சந்தோஷமாம். மறுபடி வருகிறாராம். வாசல் கல்லுக்குச் சாயம் அடிக்கிறார்கள்.

ஜெலுத்தோங் கடைத்தெருவில் பஸ்ஸைவிட்டு இறங்கி, எலி அறைக்கு ஒரு பூட்டு வாங்கி வந்தேன். ஒரு சாவி எனக்கு, ஒன்று அய்யாக்கண்ணு அண்ணனுக்கு.