ஏழு லாச்சிகளில் கூடிய இடம்

அண்ணை,

ரப்பர் விரிப்பும் எண்ணெயும் கலந்த மணம் காலையிலிருந்து என் கராஜில் நிற்கிறது. உங்கள் மணம். வரிசை போடாமல் எனக்கு எழுத வராது. பகிடி பண்ணுவீர்கள், பரவாயில்லை.

1. உங்கள் ஏழு இழுப்பறை டூல் பெட்டி என்னிடம் வந்த விதம்.
2. லாச்சிகளில் இடம் எடுக்க நான் காட்டிய வழி.
3. அந்த வழியால் வந்திருக்க முடியாத இடம்.
4. அன்றைக்கு நான் கேட்காமல் விட்டது உங்களுக்குக் கொடுத்த மரியாதை.

பெட்டியை உங்கள் மனைவி அனுப்பியிருந்தார், அக்காதான். ஹென்டர்சனில் உங்கள் வீட்டிலிருந்து சான்ட்ரிங்ஹாமில் என் வீட்டுக்கு வான் வண்டியில் கொண்டுவந்த இருவரும் மூச்சு வாங்காமல் அதைத் தூக்கி வந்தார்கள். ஒருவர் வழிநெடுகக் கதைத்துச் சிரித்துக்கொண்டே வந்தார். நாம் இருவரும் சேர்ந்து அரை அடிகூட நகர்த்த முடியாதிருந்த இரும்புப் பெட்டி அது.

போன குளிர்காலத் தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை, உங்கள் பெட்டியின் மூன்றாவது லாச்சி மூட மறுத்தது. முழங்காலால் தள்ளிக்கொண்டே, “சேர்வேயர், ஊரான் காணியெல்லாம் அளந்தீர். இதுக்குள்ள எனக்கு ரெண்டு பரப்பு இடம் எடுத்துத் தாரும் பாப்பம்” என்றீர்கள்.

அளந்தேன். லாச்சியின் உள்ளுயரம் ஏழு சென்ரிமீற்றர். படுத்துக்கிடந்த ஸ்பானர்களின் உயரம் ஒன்றரை. மிச்சமெல்லாம் காற்று. ஸ்பானர்களைப் புத்தகங்கள்போல் விளிம்பில் நிறுத்தினோம். நட்டுத் திருகும் சொக்கெட்டுகளை, அவற்றை வாங்கியபோது வந்த பிளாஸ்டிக் உறைகளிலிருந்து எடுத்து ஒரு தட்டில் வரிசையாக அடுக்கினோம். அந்த உறைகளே பாதி லாச்சியைத் தின்றிருந்தன. ஆழமான அடி லாச்சியில் பாரச் சாமான்களுக்கு மேலே, முன்னும் பின்னும் நகரும் தட்டு ஒன்று வைத்தோம். பின்னேரத்துக்குள் ஒன்றரை லாச்சி வெறுமையாகியது. கொப்பியில் குறித்துக்கொண்டேன். எனக்கு அன்று சின்னப் பெருமை.

அடுத்த சனிக்கிழமை இரண்டு லாச்சி வெறுமை. அதற்கடுத்ததில் மூன்று.

என் வழியால் ஒன்றரைக்கு மேல் வராது. ஆகவே அளந்ததில் நான்தான் பிழை விட்டேன் என்று எடுத்துக்கொண்டேன். அது எனக்குக் கைவந்த பழக்கம். திரும்ப அளந்தேன். அளவு நாடாவைக்கூட மாற்றிப் பார்த்தேன். நீங்கள் கவிழ்த்த வாளியில் குந்தியிருந்து பார்த்துக்கொண்டிருந்தீர்கள். உங்கள் இடுப்புவாரில் புதிதாக ஒரு துளை, ஆணியால் போட்டது. அதையும் கண்டேன்.

“உம்மட ஒழுங்குதான் காணும். ஒழுங்கு வந்தா இடம் தன்பாட்டில வரும்” என்றீர்கள்.

உங்களோடு பட்டறையில் வேலை செய்த மதுரைக்காரரை, தகனினிப் பக்கம் குடியிருப்பவரை, அந்தக் கிழமை எங்கள் தெரு மரக்கறிக் கடையில் கண்டேன். வெண்டிக்காய்களை நுனி முறித்துப் பார்த்துப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

“அண்ணன் டிரில் செட்ட அப்படியே தூக்கிக் கொடுத்துட்டாரு சார். எப்ப திருப்பித் தரணும்னு கேட்டேன். கொண்டாராதேன்னுட்டாரு.” இன்னொரு நுனியை முறித்தார். “உடம்புக்கு ஏதும் முடியலையா அவருக்கு?”

“தெரியாது” என்றேன். அந்த நேரத்தில் தெரிந்துவிட்டது: உங்களுக்குச் சுகமில்லை, சாமான்களை ஒவ்வொன்றாகக் கொடுத்து முடிக்கிறீர்கள்.

அடுத்த சனிக்கிழமை உங்களிடம் ரயிலில் வரும்போது, கேட்கவேண்டிய வசனத்தை மூன்று விதமாக அமைத்துப் பார்த்தேன். நீங்கள் லாச்சிகளை மேலிருந்து ஒவ்வொன்றாக இழுத்துக் காட்டினீர்கள். ஐந்தில் ஒன்றுமில்லை.

“பாரும் எவ்வளவு இடம். எதுக்கெண்டு கேக்கமாட்டீரோ?”

அக்கா தேத்தண்ணியை வைத்துவிட்டு உள்ளே போயிருந்தார். நாம் இருவர்தான்.

“லாச்சி விரிப்புப் பழசாப் போச்சு அண்ணை” என்றேன். “புதுசு வெட்டிப் போடுவம்.”

இழுத்த லாச்சிகளை ஒவ்வொன்றாகத் தள்ளி மூடினீர்கள். பிறகு, “ஓம். வெட்டும்” என்றீர்கள்.

ஏழு துண்டுகள் வெட்டினேன். ஒரு மில்லிமீற்றர் பிசகவில்லை. அடிமட்டத்தின் மறுமுனையை நீங்கள் பிடித்தீர்கள், அது இரண்டு தரம் நழுவியது. “இறுக்கிப் பிடியுங்கோ” என்று சொன்னேன்.

உங்கள் செத்தவீட்டில் அக்கா என்னருகே வந்து இருந்தார். “கான்சர் எண்டு ஆஸ்பத்திரியால வந்த கடிதம் ஒண்டையும் எனக்குக் காட்டேல்ல. டொக்டரைக் காணக் குடுத்த தவணை ஒண்டுக்கும் போகேல்ல. உங்களுக்கெண்டாலும் சொல்லியிருப்பார் எண்டு நினைச்சன் தம்பி. ஆராவது பிடிச்சுவைச்சுக் கேட்டிருந்தா போயிருப்பார்.”

நான் தலையை ஆட்டினேன். எதற்கு ஆட்டினேன் என்று அவருக்கும் விளங்கியிருக்காது.

இன்று லாச்சிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். ஏழும் வெறுமை. நான் வெட்டிய விரிப்புகள் மூலைக்கு மூலை சரியாகப் பொருந்திக் கிடக்கின்றன. இப்போதும் தெரிந்தவர் எவராவது மெலிந்து தெரிந்தால் ஒரு கேள்வி வாய்வரை வருகிறது. போன கிழமையும் கோயிலில் ஒருவரைக் கண்டேன். சட்டைக் கழுத்து அவருக்குத் தொளதொளத்திருந்தது. மழையைப் பற்றிக் கதைத்துவிட்டு வந்துவிட்டேன்.

மேலே நான்காவதாக எழுதியது பிழை, அண்ணை. அதில் மரியாதை ஒன்றுமில்லை. கேட்டிருந்தால் நீங்கள் சொல்லியிருப்பீர்கள். சொல்லத்தான் லாச்சிகளை இழுத்துக் காட்டினீர்கள். சொன்ன பிறகு நான் அக்காவிடம் போயிருக்கவேண்டும், உங்களோடு சண்டை பிடித்திருக்கவேண்டும், கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருக்கவேண்டும். ரப்பர் வெட்டுவது அதைவிடச் சுலபமாக இருந்தது.