கழுத்தின் வலப்பக்கம்

ஆகஸ்ட் 10, ஞாயிறு

இன்று வானவடியில் இருக்கும் ஓவிய வகுப்பில் நான் வரைந்த அம்மாவின் படத்தைச் சுவரில் மாட்டினார்கள். மற்றவர்கள் குறை சொல்லும்போது வரைந்தவர் வாய் திறக்கக் கூடாது என்பது அங்கே விதி. கண்களை எல்லோரும் பாராட்டினார்கள். பிறகு கூடப் படிக்கும் ரேணுகா ஹிந்தியில், "கழுத்து வலப்பக்கம் வீங்கின மாதிரி இருக்கே. அளக்காம வரைஞ்சியா?" என்று கேட்டாள். எனக்கும் பிழையாகத்தான் தெரிந்தது. அங்கேயே அழித்து இரண்டு பக்கத்தையும் சமமாக்கினேன். படம் உடனே அழகாகிவிட்டது.

ஆனால் நான் அளந்துதான் வரைந்திருந்தேன். ஆட்டோவில் வரும் வழியெல்லாம் அதுவே மனதில் ஓடியது.

வீட்டில் அம்மா சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்தாள். சமையலறை வாசலில் நின்று, பென்சிலை நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடி அளந்தேன்.

"என்னடி, துப்பாக்கி பிடிக்கிற மாதிரி நிக்கறே?" என்று சிரித்தாள்.

"கழுத்தைப் பாக்கறேன்மா. கொஞ்சம் நிமிரு."

சிரிப்பு நின்றது. மாவுக் கையாலேயே முந்தானையை இழுத்துக் கழுத்தைச் சுற்றிக்கொண்டாள்.

"அடுத்த மாசம் அக்கா வளைகாப்பு முடியட்டும். அப்பாகிட்ட ஒண்ணும் சொல்லாதே."

எத்தனை நாளாக இருக்கிறதோ. மூன்று ஞாயிறுகள் எதிரே உட்கார்ந்து அந்த வீக்கத்தை வரைந்திருக்கிறேன். பார்த்ததுதான் இல்லை.

இப்போது அழித்த இடத்தில் அதை மறுபடி வரைந்துவிட்டேன். காலையில் படத்தை அப்பாவிடம் காட்டப்போகிறேன். நான் எதுவும் சொல்ல மாட்டேன். வரைந்தவள் வாய் திறக்கக் கூடாது.

அவரும் பிழை என்று சொல்லிவிட்டால்?