வெறும் வயிற்றில் வரவும்

4.8.97, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். சாமுண்டி மலை கண்ணிலேயே படவில்லை. குடையை பஸ்ஸில் விட்டாச்சு. இந்த வருஷம் மூன்றாவது.

புது மெஷின் இன்று முதல் ஓட்டம். ரத்தத்தில் சைக்ளோஸ்போரின் மருந்து எவ்வளவு என்று பார்ப்பது இனி மைசூரிலேயே! இத்தனை நாள் ரத்தக் குழாயை ஐஸ் டப்பாவில் போட்டு பெங்களூர் பஸ் ஏற்றி, நாலு நாள் ஃபோனுக்குக் காத்துக் கிடந்தது முடிந்தது. தேங்காய் உடைத்தோம். மெஷினுக்குக் குங்குமம்.

முதல் ரத்தம் மாதேஷுடையது. ஹனூர் பக்கம், டிராக்டர் மெக்கானிக். அக்கா பழனியம்மா கொடுத்த சிறுநீரகத்துக்கு வயது ஏழு மாதம். உடம்பு அதை வெளியாள் என்று தள்ளிவிடாமலிருக்கத்தான் இந்த மருந்து. குறைந்தால் சிறுநீரகம் போகும். கூடினால் மருந்தே அதைக் கெடுக்கும். இதுவரை பெங்களூரில்தான் பார்த்தார்கள், இங்கே இதுதான் முதல் தடவை.

க்ரியாட்டினின் 1.4 இருந்தது, இன்று 1.9. அது ஏறினால் சிறுநீரகம் சரியாக வேலை செய்யவில்லை என்று அர்த்தம். ரத்தத்தில் மருந்தளவு 640. இருக்க வேண்டியது 150, மிஞ்சினால் 200.

டா.ஹெ. (டாக்டர் ஹெக்டே) பார்த்த உடனே, மருந்து ஜாஸ்தி, இன்று சாயங்காலத்திலிருந்தே பாதியாகக் குறை என்றார்.

மறுபடி ஓட்டினேன். 635. மெஷின் பொய் சொல்லவில்லை. ஆனால் போன மாதம்தானே பெங்களூரில் மருந்தைக் குறைத்தார்கள்? குறைத்த பிறகு ஏறுவானேன்? மனசு ஒப்பவில்லை. டிபன் டப்பாவை மூடிவிட்டு, வெளியே பழனியம்மா உட்கார்ந்திருந்த பெஞ்சுக்குப் போனேன்.

"அக்கா, காலையில மருந்து எப்போ குடிச்சார்?"

"ஆறு மணிக்குங்க. பஸ்ஸுலயே. ஒரு நாளும் தப்பினதில்லீங்க."

ரத்தம் எடுத்தது ஒன்பதுக்கு.

"சீட்டுல வெறும் வயித்துல வரச் சொல்லீருந்துச்சுங்களே, அதான் பால்கூடக் கலக்கலீங்க. அந்த எண்ணெய் மருந்த அப்படியே முழுங்கீட்டான், பாவம்."

சீட்டை வாங்கிப் பார்த்தேன். சர்க்கரை டெஸ்டுக்கு அச்சடித்தது. போன வாரம் எடுத்துக் கொடுத்தவள் நான். மருந்து குடிக்கும் முன் எடுக்க வேண்டிய ரத்தத்தை, குடித்து மூன்று மணி நேரம் கழித்து, அளவு உச்சத்தில் இருக்கும்போது எடுத்திருக்கிறோம். அவமானம்.

டா.ஹெ.யிடம் ஒளிக்காமல் சொன்னேன். நாளைக் காலை இன்னொரு ரத்தம், அதுவரை மருந்தை மாற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். "கிட்னி போனா யாரு பொறுப்பு வசந்தா?" நான்தான் என்றேன்! எங்கிருந்து வந்த தைரியமோ. முறைத்தார். பிறகு, "ஒரு நாள். அஷ்டே, அவ்வளவுதான்."

ரவை வாங்க மறந்தேன். வீட்டில் இவர் கேட்டதற்கு எரிந்து விழுந்தேன். பாவம்.

5.8.97, செவ்வாய்

ஏழுக்கு லேப். எனக்கு முன்னாலேயே அக்காவும் தம்பியும் வாசலில். மருந்து பாட்டில் அக்காவின் மடியில் பத்திரமாக.

7.10 ரத்தம். அதற்குப் பிறகுதான் மருந்து, கண்ணாடி டம்ளரில் பால் கலந்து, என் கண்ணெதிரே.

ரிசல்ட் 92.

தொண்ணூற்றிரண்டு! ஜாஸ்தியே இல்லை, போதவே இல்லை. உடம்பு சிறுநீரகத்தைத் தள்ளத் தொடங்கியிருக்கிறது. நேற்றுப் பாதியாகக் குறைத்திருந்தால்... அக்கா கொடுத்தது வீணாகியிருக்கும்.

டா.ஹெ. தாளை வாங்கிப் பார்த்தார். தள்ளுவதை நிறுத்த மூன்று நாள் ஊசி, மருந்தைக் கூட்டு என்று எழுதினார். போகிற போக்கில், "வசந்தா, ஆ சீட்டு ஹரிது ஹாக்ரீ." கிழித்தேன். ஒன்றா இரண்டா, கட்டு முழுவதும். இப்படி ஒரு சுகம் கண்டதில்லை.

7.8.97, வியாழன்

புதுச் சீட்டு தயார். ஒரு பக்கம் கன்னடம், மறு பக்கம் தமிழ். "ரத்தம் கொடுத்த பிறகே மருந்து. பாட்டிலைக் கையோடு கொண்டு வரவும்." இரண்டும் என் எழுத்து. டா.ஹெ. ஒரு எழுத்தும் மாற்றவில்லை!

மாதேஷுக்கு இன்று மூன்றாவது ஊசி. முகம் உப்பியிருக்கிறது. திங்கள்கிழமை தெரியும். பயம்தான்.

வாங்க: ரவை, குடை, பாப்பாவுக்கு ஷூ பாலிஷ். கேஸ் புக் பண்ண.

11.8.97, திங்கள்

வெயில்! மலை பளிச்சென்று.

மருந்தளவு 170. க்ரியாட்டினினுக்காக மெஷின் பக்கத்திலேயே நின்றேன், காப்பி ஆறிப் போச்சு. 1.4. இன்னொரு தடவை. 1.4.

ரிப்போர்ட்டை யாரிடமும் கொடுக்கவில்லை. லேப் செருப்போடு நானே ஓடினேன்.

"அக்கா, இறங்கிடுத்து! ஒண்ணு புள்ளி நாலு!"

"நல்லதுங்களா அம்மிணி?"

"கிட்னி பழையபடி வேலை செய்யறது, அக்கா."

பழனியம்மா தம்பியைப் பார்த்தாள். தன் இடுப்பில் ஓங்கி ஒரு தட்டு. டோக்கன் வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது.

"நம்ம சரக்குடா அது! சும்மாவா?"