தண்ணீர் வற்றும் வரை

ஓல்டம்
9 மார்ச் 1986

அன்புள்ள நெவில்,

உன் கிறிஸ்துமஸ் கடிதத்துக்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. உனக்கு மட்டும் என்ன வாழ்கிறதாம்? அந்த வேல்ஸ் மலைக்குக் குடிபோனதிலிருந்து வருஷத்துக்கு இரண்டு கடிதம். ஒரு டெலிபோன் வைத்துக்கொண்டால் ஆடுகள் மிரண்டுவிடுமா?

உன் அத்தான் வில்ஃபுக்கு உடம்பு மோசம். கொதிகலன் குழாய்களுக்கு உறை சுற்றின காலத்தில் விழுங்கின கல்நார்த் தூசிதான். அன்றைக்குத் தொப்பியில் படிந்து வந்ததை நானும் வாசலில் தட்டித் தட்டித்தானே உள்ளே கொண்டுவந்தேன். கோடைக்கு அப்புறம் எதற்கும் திட்டம் போடாதீர்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதையும் ஏதோ கடற்கரை விடுதியைப் பற்றிப் பேசுவதுபோல் சொன்னார்.

வேலையிலிருந்து நின்ற பிறகு அவருக்கு ஒரே பிடிப்பு நீ எழுதின கம்ப்யூட்டர் விளையாட்டுதான். போன செப்டம்பரில் நீ அனுப்பினாயே, 'மூழ்கிய ஊர்', அந்த கேசட். டீ குடித்ததும் கம்ப்யூட்டரை டெலிவிஷனில் மாட்டிவிட்டு உட்கார்ந்துவிடுகிறார். என் தொடர் நாடகங்கள் எல்லாம் போச்சு. பக்கத்து வீட்டு மேகி வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன வில்ஃப், வெறும் எழுத்தா ஓடுது, படம் எங்க?" என்று கேட்டாள். "படம் மண்டைக்குள்ள ஓடுது மேகி. நான் எங்க நிக்கிறேன்னு இது சொல்லும். என்ன செய்யணும்னு நான் டைப் அடிப்பேன். நீயும் உன் புருஷனும் பேசிக்கிற மாதிரிதான், ஆனா இது கேட்டதுக்குப் பதில் சொல்லும்" என்றார். அவள் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மீந்துபோன சுவர்க் காகிதத்தின் பின்பக்கத்தில் அந்த ஊர் முழுவதையும் வரைந்து வைத்திருக்கிறார். ஆலை, படகுத்துறை, பாதிரியார் வீடு, எல்லாம். தேவாலயத்து மணிக்கூண்டு வரை போய்விட்டார். உள்ளே போய் மணியை அடித்தால் முடிந்ததாமே? அந்தக் கதவுதான் திறக்க மாட்டேன் என்கிறது. ஜனவரியிலிருந்து அங்கேயே நிற்கிறார்.

உனக்குத்தான் அவரைத் தெரியுமே. யாரிடமும் கேட்கமாட்டார். கம்ப்யூட்டர் பத்திரிகைகளில் விடை போடும் பக்கங்களை, தான் பார்ப்பதற்கு முன்னால் என்னை விட்டுக் கோந்து போட்டு ஒட்டச் சொல்கிறார். நான் கேட்கிறேன் நெவில். அவருக்குத் தெரியவேண்டாம். அந்தக் கதவை எப்படித் திறப்பது என்று எனக்கு ஒரு வரி எழுது. அந்த மணிச் சத்தத்தை அவர் கேட்டுவிட்டால் போதும்.

அன்புடன்,
டோரீன்

*

டொல்கெத்லை, வேல்ஸ்
19 மார்ச் 1986

என் அன்பு டோரீன்,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு வெகுநேரம் வெளியே நடந்தேன். வில்ஃபைப் பற்றி நீ எழுதியதுதான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. சைக்கிள் ஓட்ட எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். கீழே விழுந்தால் தூக்கிவிடவே மாட்டார், நினைவிருக்கிறதா? "எந்திரிடா, ரோடு உன்னைக் கடிக்காது" என்பார்.

அதனால்தான் நீ கேட்பதைத் தர எனக்கு மனம் வரவில்லை. தவறாக நினைக்காதே. விடையைப் பார்த்து முடிப்பவன் விளையாட்டை முடிப்பதே இல்லை, டோரீன். அடுத்தவன் காலடித் தடத்தில் கால் வைத்து நடந்துவிட்டு, ஊரைப் பார்த்தேன் என்கிறான். எனக்கு வாரம் தவறாமல் கடிதம் வருகிறது, அதைச் சொல்லுங்கள், இதைச் சொல்லுங்கள் என்று. ஒருத்தருக்கும் நான் சொன்னதில்லை. சொந்த அக்கா வீட்டுக்காரருக்கு மட்டும் சொன்னால் அவரை நான் மட்டம் தட்டியதாகாதா? இவ்வளவு தூரம் தன் மூளையால் வந்தவரிடம் கடைசிப் படியில் ஊன்றுகோலை நீட்டுவதா?

இங்கே வேலை தலைக்குமேல் இருக்கிறது. இரண்டாவது விளையாட்டை ஆகஸ்டில் வெளியிட மான்செஸ்டரில் ஒரு கம்பெனி ஒத்துக்கொண்டிருக்கிறது. 'மூழ்கிய ஊர்' விளையாட்டுக்குக் கிடைத்த பெயரை நம்பித்தான் எடுத்திருக்கிறார்கள். பள்ளிக்கூட வேலையை விட்டது பைத்தியக்காரத்தனம் என்று சொன்னாயே, இப்போது என்ன சொல்கிறாய்?

வில்ஃபிடம் என் அன்பைச் சொல். விடாமல் முயலச் சொல்.

என்றும் உன்,
நெவில்

*

ஓல்டம்
14 ஏப்ரல் 1986

அன்புள்ள நெவில்,

நீ எழுதியதை மூன்று தடவை படித்தேன். அழகாகத்தான் எழுதியிருக்கிறாய். சின்ன வயதிலும் அப்படித்தான், ஜன்னலை உடைத்துவிட்டு வந்தால்கூட அப்பா கைதட்டும்படி ஒரு காரணம் சொல்வாய்.

ஆனால் இங்கே இருக்கிற நிலைமை வேறு. போன வாரம் ஆஸ்பத்திரியில் நெஞ்சிலிருந்து தண்ணீர் எடுத்தார்கள். மாடிப்படி ஏற முடியவில்லை என்று கட்டிலைக் கீழே முன்னறைக்குக் கொண்டுவந்துவிட்டோம். படுத்தபடியே டைப் அடிக்கிறார். கதவை உடைத்துப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், பாதிரியாருக்கு விலாங்கு மீன் கொடுத்துப் பார்த்தார். அந்தக் கதவைப் பார்த்துக் கெட்டவார்த்தை டைப் அடித்ததற்கு 'கோயிலில் இப்படிப் பேசலாமா?' என்று பதில் வந்தது. அதற்குச் சிரித்ததில் இருமல் வந்து நர்ஸைக் கூப்பிட வேண்டியதாகிவிட்டது. நீ நல்ல வேடிக்கைக்காரன்தான்.

முந்தாநாள் என்னைக் கேட்டார்: "ஏ புள்ள, எனக்கு மூளை மழுங்கிப்போச்சா? அந்த மருந்தாலதானா?" நான் இல்லை என்றேன். நம்பவில்லை.

ஊன்றுகோல் அது இது என்று நீ பேசுவது ஆரோக்கியமான ஆளுக்குப் பொருந்தும். இவருக்கு அவகாசம் இல்லை. நான் உன்னிடம் எதையும் கேட்டதில்லை நெவில். இதைக் கேட்கிறேன். முழு விடை வேண்டாம், ஒரு குறிப்பு கொடு. அவராகவே கண்டுபிடித்த மாதிரி நான் பார்த்துக்கொள்கிறேன்.

டோரீன்

*

டொல்கெத்லை
22 ஏப்ரல் 1986

அன்பு டோரீன்,

சரி, நீ ஜெயித்தாய். உனக்காகவும் வில்ஃபுக்காகவும் மட்டும். வேறு யாரிடமும் மூச்சு விடாதே.

கதவுக்கு வேண்டியது படகுத்துறையில், தண்ணீருக்கு அடியில் இருக்கிறது. தண்ணீர் வற்றும் வரை அங்கே நின்று காத்திருக்கவேண்டும். பொறுமைதான் சாவி. அவசரப்பட்டு நகர்ந்தால் எல்லாம் கெட்டுவிடும். நிதானமாகப் போகச் சொல்.

வேலை நெரிக்கிறது. மன்னித்துக்கொள், விரிவாக எழுத முடியவில்லை.

உன்,
நெவில்

*

ஓல்டம்
18 மே 1986

என் செல்லத் தம்பிக்கு,

நீ நன்றாயிருக்க வேண்டும்!

எப்படிச் செய்தேன் தெரியுமா? பின்னிக்கொண்டே, ஒன்றும் தெரியாதவள்போல, "ஏங்க, அந்தப் படகுத்துறையில தண்ணி எப்பவுமே அப்படியேதான் நிக்குமா? கடல்னா ஏறி இறங்குமே?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். அப்புறம் தலையணையை முதுகுக்கு வைக்கச் சொன்னார். "ஏ புள்ள! இத்தனை வருஷமா உன்னைக் கட்டிக்கிட்டு நான் கோட்டை விட்டுட்டேனே! இதை யாருமே யோசிச்சிருக்க மாட்டாங்க!" என்றார். டாக்டர் வந்தபோது அவரிடமும் சொன்னார், "என் பொண்டாட்டி மூளைக்கு முன்னாடி நீங்கல்லாம் நிக்க முடியாது" என்று. எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது. ஆனாலும் நெவில், கல்யாணமான புதிதில்கூட அவர் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

இப்போது தினமும் மதியம் படகுத்துறையில்தான் நிற்கிறார். 'காத்திரு' என்று அடிக்கிறார், 'நேரம் கழிகிறது' என்று வருகிறது. மறுபடி அடிக்கிறார். விரல் வலித்தால் என்னை அடிக்கச் சொல்கிறார். தண்ணீர் இன்னும் இறங்கவில்லை. "என் நெஞ்சுல இருந்த தண்ணியக்கூட எடுத்துட்டாங்க, உன் தம்பி ஊர்த் தண்ணி வத்த மாட்டேங்குதே" என்று நேற்று சொன்னார்.

இன்னும் எவ்வளவு நேரம் என்று மட்டும் சொல்லிவிடு. அவர் வரவரச் சீக்கிரம் களைத்துவிடுகிறார். வேறு எதையாவது செய்து பார்க்கலாமென்றால், நகர்ந்தால் கெட்டுவிடும் என்று எழுதியிருக்கிறாயே என்று நான்தான் பிடித்து உட்கார வைக்கிறேன்.

அன்புடன்,
டோரீன்

*

(தபால் அட்டை)

30 மே

டோரீன், வற்றும். பொறுமையாக இருக்கச் சொல். மான்செஸ்டருக்கும் இங்கும் அலைச்சல். இருவருக்கும் அன்பு. நெ.

*

ஓல்டம்
6 ஜூலை 1986

நெவில்,

வில்ஃப் போன செய்தி உனக்கு நேரத்தோடு கிடைத்திருக்கிறது. வியாழக்கிழமை அடக்கம் முடிந்தது. உன் மலர்வளையம் வந்தது, அழகாக இருந்தது. வேன் பழுதாகிவிட்டது என்று எழுதியிருந்தாய். ரயில் ஓடுகிறது என்று மேகி சொன்னாள், நான் அவளை அடக்கிவிட்டேன்.

கஷ்டப்படவில்லை என்று எல்லோரிடமும் சொல்கிறேன். உன்னிடம் மறைப்பானேன், கஷ்டப்பட்டார். கடைசி இரண்டு வாரம் கம்ப்யூட்டரைத் தொடவில்லை. எடுத்து மாட்டட்டுமா என்று கேட்டேன். "வேண்டாம் புள்ள. நீ வழி கண்டுபிடிச்சுக் குடுத்தே, எனக்குத்தான் நடக்கத் தெரியல. எங்கயோ ஒரு தப்பு பண்ணியிருக்கேன், எங்கன்னு தெரியல. உன் தம்பி பெரிய படிப்புப் படிச்சவன். குழாய் சுத்தினவனுக்கு அது எட்டாது" என்றார். அப்புறம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அவர் வரைந்த ஊர்ப் படத்தைச் சுருட்டி வைத்திருக்கிறேன். அவர் எங்கே தவறினார் என்று நானே பார்த்து அந்த மணியை அடித்துவிடலாமா என்று யோசனை. பொழுதும் போகவேண்டுமே.

டோரீன்

*

டொல்கெத்லை
15 ஜூலை 1986

என் அருமை டோரீன்,

வார்த்தைகள் போதவில்லை. வில்ஃபைப் போன்ற மனிதர்கள் இனி வரமாட்டார்கள். முடிப்பது முக்கியமில்லை, போகிற வழிதான் முக்கியம் என்று அவர் நமக்குக் காட்டிவிட்டுப் போயிருக்கிறார் என்றே எனக்குப் படுகிறது.

இரண்டாவது விளையாட்டை அவருக்குக் காணிக்கையாக்கப் போகிறேன். கேசட்டைப் போட்டவுடன் முதலில் வருவது அவர் பெயர்தான்: 'விடை கேட்காத வில்ஃப் ஆக்டனுக்கு.' கம்பெனிக்காரர்களுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. பெட்டியின் மேலும் போடுகிறோம் என்கிறார்கள்.

'மூழ்கிய ஊரை' நீ தொடவேண்டாம். மனசைப் போட்டு வருத்திக்கொள்ளாதே. அதை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நாள் இங்கே வந்து இரு. மலைக்காற்று நல்லது.

என்றும் உன்,
நெவில்

*

ஓல்டம்
11 ஆகஸ்ட் 1986

நெவில்,

தொடவேண்டாம் என்றாய். தொட்டேன். நானும் படகுத்துறையில் போய் நின்றேன். நாலைந்து நாள் காத்திருந்துவிட்டு, உன்னைத் தொந்தரவு செய்ய வேண்டாமென்று, பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் இருந்த நம்பருக்குப் போன் செய்தேன். இந்த மாதிரி விளையாட்டுகளில் மாட்டிக்கொண்டவர்களுக்கு உதவுகிற அம்மாள், பாரி துறைமுகத்தில் இருக்கிறாள். பெயர் ஆல்வென் பியூ. உனக்கு அவளைத் தெரியும்.

விளையாட்டின் பெயரைச் சொன்னேன். "ஐயோ கண்ணு, அதை முடிக்க முடியாது. டண்டீ ஊர்ல ஒரு பையன் அந்தப் புரோகிராமையே பிரிச்சுப் பாத்துட்டான். கதவு ஒரு சாவியக் கேக்குது. அந்தச் சாவி விளையாட்டுலயே கிடையாது. கம்ப்யூட்டர் மெமரில இடம் பத்தலன்னு எழுதினவரு எடுத்துட்டாரு, கதவை மாத்த மறந்துட்டாரு" என்றாள்.

"தண்ணி வத்தினா?" என்று கேட்டேன்.

"எந்தத் தண்ணி? அதுல தண்ணி வத்துறதே கிடையாதே" என்றாள்.

எழுதினவருக்கு இது தெரியுமா என்று கேட்டேன். ஜனவரியில் லண்டன் கண்காட்சியில் உன் முகத்துக்கு நேராகவே சொன்னாளாம். அடுத்த விளையாட்டு வெளிவரும்வரை வெளியே விடாதே என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாயாம். வாங்கினவர்களுக்கெல்லாம் சரி செய்த கேசட்டை நீ அனுப்பிவிடுவாய் என்று நம்பி அவளும் பத்திரிகையில் எழுதாமல் இருந்தாள். நான் யார், வில்ஃப் எப்படிப் போனார் என்று சொன்னதும் அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை.

ஜனவரி. நான் உனக்கு முதலில் எழுதியது மார்ச்சில்.

நீ மறந்ததில் எனக்குக் கோபமில்லை. மறப்பது எல்லோருக்கும் உண்டு. ஊன்றுகோல், காலடித் தடம் என்று நீ பூசி மெழுகியதைக்கூட விட்டுத்தள்ளுவேன். உன் வயிற்றுப்பிழைப்பு, பயந்துவிட்டாய் என்று வைத்துக்கொள்வேன். ஆனால் ஏப்ரலில் நீ எனக்கு ஒரு பொய்யை எழுதி அனுப்பினாய். அதை நான் அவருக்கு என் கையால் ஊட்டினேன். அவர் அதை என் புத்தி என்று நினைத்துப் பெருமைப்பட்டார். உட்காரத் தெம்பு இருந்த கடைசி மதியங்களை 'காத்திரு', 'காத்திரு' என்று அடித்தே கழித்தார். எழுந்து வேறு பக்கம் போகிறேன் என்றவரை நான் பிடித்து வைத்தேன். தான் மக்கு என்று நினைத்துக்கொண்டே செத்தார் நெவில். நானும் உள்ளுக்குள் அப்படித்தான் நினைத்தேன். அவர் எங்கோ தப்பு செய்துவிட்டார் என்று. அதை இனி யாரிடம் போய்ச் சொல்வேன்?

ஒரு வரி எழுதியிருக்கலாம். 'வில்ஃப், நான் சொதப்பிவிட்டேன், அந்தக் கதவு திறக்காது.' அவ்வளவுதான். அவர் கோபித்திருப்பார் என்றா நினைத்தாய்? ஒரு வாரம் சிரித்திருப்பார். தெருவில் போகிறவனையெல்லாம் கூப்பிட்டு, "என் மச்சான், பெரிய வாத்தியார், சாவியே இல்லாம பூட்டு பண்ணியிருக்கான்! கண்டுபிடிச்சது யாரு? இந்தக் குழாய்க்காரன்!" என்று சொல்லிச் சொல்லி மாய்ந்திருப்பார். சாவதற்கு முன் அவருக்குக் கிடைத்திருக்கக்கூடிய அந்த ஒரு சந்தோஷத்தை நீ எடுத்து உன் பெட்டிக்குள் வைத்துக்கொண்டாய்.

உன் புது விளையாட்டில் அவர் பெயர் வரக்கூடாது. கேசட்டிலும் கூடாது, பெட்டி மேலும் கூடாது. கம்பெனிக்கு நானே எழுதிவிட்டேன், ஏன் என்பதையும் எழுதிவிட்டேன். அதற்கப்புறம் அவர்கள் உன்னை என்ன செய்வார்கள் என்பது எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை. இங்கே வராதே. கடிதம் வந்தால் பிரிக்காமல் திருப்பி அனுப்புவேன்.

அடுத்த மாதப் பத்திரிகையில் ஆல்வென் எல்லாவற்றையும் போடுகிறாள். அதுவரைக்கும், உன் விளையாட்டில் மாட்டிக்கொண்டு அவளுக்குப் போன் செய்பவர்களுக்கு என் நம்பரைக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். இந்த வாரம் மூன்று பேர் கூப்பிட்டார்கள். நேற்று ஹல் ஊரிலிருந்து ஒரு பெரியவர். மெல்ல, வெட்கப்பட்டுக்கொண்டே, "அம்மா, எனக்கு வயசாயிடுச்சு, மூளை வேலை செய்யல, அந்த மணிக்கூண்டுக் கதவு..." என்று ஆரம்பித்தார்.

"அது திறக்காதுங்க ஐயா. சாவியே கிடையாது. தப்பு உங்க மேல இல்ல" என்றேன்.

அவர் முதலில் நம்பவில்லை. இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார் பார், நிறுத்தவே முடியவில்லை. நான் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு, அவர் சிரித்து முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.

டோரீன் ஆக்டன்