லேபிளில் மாற்றிய எண்

செப்டம்பர் 8, திங்கள்

நான் டிசைன் போடுகிற அச்சகத்தில், காலண்டர் சீசன் நெருக்கடியில் ஒரு லேபிள் ஆர்டர். அச்சங்குளம் பக்கம் கொட்டகை போட்டு, லேசர் மிஷின்காரர்களுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி செய்கிற கருப்பணன் கொண்டுவந்தார். பச்சைப் பிளாஸ்டிக்கை உருக்கி வார்க்கிற கண்ணாடி. எந்த லேசர் வெளிச்சத்தைத் தடுக்கும் என்பதற்கு லேபிளில் ஓர் எண் உண்டு; போன தடவை 532 என்று போட்டுக் கொடுத்தேன். இப்போது 1064 வேண்டுமாம்.

"கண்ணாடி வேறயா?"

"அதேதான் தாயி. லேசருக்கு லேசர் எண் மாறும். எண்ணுக்குத் தக்கன மருந்து கலந்து, சோதிச்சு வாங்குனா ஒண்ணு எட்டாயிரம் ஆகும். இங்கன எவன் குடுப்பான்? நம்மது முந்நூறு."

எங்கள் பட்டாசு ஊரில் மருந்து என்றால் வெடிக்கிறது. இவர் சொன்னது பிளாஸ்டிக்கில் கலக்கிற சாயத்தை. அச்சக முதலாளி சோலைமலை அண்ணாச்சியிடம், இது தப்பில்லையா என்றேன். சிரித்தார். "எல்லாக் காலண்டர்லயும் அதே முருகன்தான? கீழ கடைப் பேரை மட்டுந்தான மாத்துறோம்? எண்ணை மாத்தித் தள்ளும்மா."

மாற்றினேன். பழைய எழுத்துரு என் கம்ப்யூட்டரில் இல்லை, வேறொன்றில் போட்டேன். அதில் 4 தலை திறந்து நிற்கும். யார் பார்க்கப் போகிறார்கள்?

செப்டம்பர் 19

ஐயாயிரம் லேபிளும் போய்விட்டது. ஒழிந்தது.

செப்டம்பர் 29

என் வீட்டுக்காரருக்குப் புது வேலை! டைரி அட்டையில் தங்க எழுத்து அடிக்கப் பித்தளை பிளாக் வெட்டுகிற பட்டறை. லேசர் மிஷின். இவரைப் பட்டாசுக் கம்பெனி வேனில் ஏற்றிவிட்டு, நாள் முழுக்க வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்தது இன்றோடு போதும்.

அக்டோபர் 6

சாப்பாடு கொடுக்கப் பட்டறைக்குப் போனேன். இவர் நெற்றியில் பச்சைக் கண்ணாடி. காதில் மாட்டுகிற காம்பில் ஒட்டிய லேபிளில் 1064. தலை திறந்த 4.

"எம்புட்டு நேரம் போடுறீக?"

"நாள் பூராம். அந்த வெளிச்சம் கண்ணுக்கே தெரியாது சொர்ணம். கண்ணாடி இருக்குற தைரியத்துல கிட்டக் குனிஞ்சு பாப்பேன்."

கழற்றுங்கள் என்று ஏன் சொல்லவில்லை? சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்பார்.

அக்டோபர் 7

நாளைக்குச் சொல்கிறேன்.

அக்டோபர் 11

சொல்லவில்லை. சென்னைக் கடைக்குப் போன் போட்டு நிஜக் கண்ணாடிக்கு ஆர்டர் கொடுத்தேன். எட்டாயிரத்து நானூறு. வர ஐந்து நாளாம். வந்ததும் மாற்றி வைத்துவிட்டால் எதையும் சொல்லவே வேண்டாம் — என்ன பொம்பளை நான்?

அக்டோபர் 15

மதியமே வந்துவிட்டார். மிஷினில் குனிந்து பார்த்தபோது தலைக்குள் டப்பென்று கேட்டதாம். வலி இல்லையாம். வலது கண்ணில் தூசி என்று கழுவிக்கொண்டே இருக்கிறார். தூசி இல்லை. எனக்குத் தெரியும்.

அக்டோபர் 16

காலையில் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு தினசரிக் காலண்டர் முன்னால் நின்றார்.

"மேல முருகன் இருக்காரு. கீழ கடைப் பேரு கிடக்கு. நடுவுல எண்ணைக் காணோமே சொர்ணம்?"

மதுரை கண் ஆஸ்பத்திரிக்குக் கிளப்பினேன். செருப்பு மாட்டும்போது சொல்லிவிட்டேன், கண்ணாடியில் அந்த எண்ணைப் போட்டது நான்தான் என்று. இடது கண்ணிலிருந்து கையை எடுத்து என்னைப் பார்த்தார்.

பஸ்ஸில் எழுதுகிறேன். இவர் ஜன்னல் பக்கம் திரும்பி, இடது கண்ணைப் பொத்திப் பொத்தி எடுக்கிறார். கூரியர்காரர் போன் செய்தார், பார்சல் வந்திருக்கிறதாம், வீடு பூட்டிக் கிடக்கிறதாம். பக்கத்து வீட்டில் கொடுத்துவிடச் சொன்னேன்.