வாணலி விற்கும் சண்டை

மார்ச் 4

இன்றைக்கு மூன்று சண்டை. மூன்றாவது சண்டையில் இருப்பில் இருந்த வாணலி முழுக்க விற்றுப்போனது.

முதலில் நான் கேமராவைப் பார்த்து விலையைக் குறைக்க வேண்டும். உடனே என் கணவன் தாச்செங் பாய்ந்து வந்து, "பைத்தியமா உனக்கு? இந்த விலைக்குக் குடுத்தா நாம தெருவுலதான் நிக்கணும்!" என்று கத்த வேண்டும். "நிக்கலாம் வா! எனக்கு லைவ் பாக்குற அக்கா தங்கச்சிங்கதான் முக்கியம்!" என்பேன் நான். அவன் கோபத்தில் வாணலியைத் தூக்கித் தரையில் அடிப்பான். அது நெளியாது. நெளியாது என்று காட்டத்தான் அத்தனை கோபமும்.

கேமராவுக்குப் பின்னால் என் நாத்தனார் லிங்யுன் விசிறியோடு நிற்பாள். விசிறியை உயர்த்தினால் இன்னும் கத்து என்று அர்த்தம், மடக்கினால் அழு என்று அர்த்தம். சீனாவின் யிவூ நகரத்தில் எங்கள் தெரு முழுக்க இப்படிச் செல்போனில் லைவ் ஓட்டிச் சாமான் விற்கிறவர்கள்தான். எங்கள் சண்டைக்குத்தான் மவுசு அதிகம்.

மார்ச் 6

தொண்டை கட்டிவிட்டது. லிங்யுன் அக்கா பேரிக்காயைக் கற்கண்டு போட்டு வேகவைத்துக் கொடுத்தாள். பாசமா? நாளைக்கு நான் கத்த வேண்டுமே!

மார்ச் 9

இதை எழுதியே ஆக வேண்டும்.

வழக்கமான சண்டைதான். திடீரென்று தாச்செங் சொன்னான்: "உன் வாய்க்குப் பயந்துதான் உங்க அம்மாவே உன்னை விட்டுட்டு ஓடினா!"

இது யாருக்கும் தெரியாது. கல்யாணமான புதிதில் அவன் தோளில் சாய்ந்துகொண்டு நான் சொன்னது. அம்மா என்னைப் பள்ளிக்கூட வாசலில் விட்டுவிட்டுப் போனது, மற்றப் பிள்ளைகள் எல்லாம் போன பிறகும் நான் அங்கேயே நின்றது. அவனிடம் மட்டும் சொன்னேன்.

நான் அழுதேன். விசிறி மடங்கவே இல்லை, நானாகத்தான் அழுதேன். ஆர்டர் கொட்டியது.

லைவ் முடிந்ததும் லிங்யுன் அக்கா, "அம்மா விஷயம் பிரமாதம்டா. தினம் வேணாம், வாரத்துக்கு ஒரு தடவை வை" என்றாள். அவன் தலையை ஆட்டிக்கொண்டே நூடுல்ஸ் சாப்பிட்டான். மனுஷன்தானா இவன்?

மார்ச் 10

காலையில் கேட்டுவிட்டேன். "என்னை விட்டுடு. விவாகரத்து பண்ணிக்கலாம்."

பல் தேய்த்துக்கொண்டிருந்தவன் கண்ணாடியில் என்னைப் பார்த்தான். "நல்லா இருக்கே! இந்த முகத்தோடயே நாலு மணி லைவ்ல சொல்லு."

மார்ச் 11

சொன்னேன். நேற்று நிஜமாகவே சொன்னேன், கேமரா முன்னால். பார்த்தவர்கள் சிரிக்கிற பொம்மையும் கைதட்டும் அனுப்பினார்கள். "அண்ணி போகாதீங்க, ரெண்டு வாணலி வாங்கிக்கறேன்" என்று ஒருத்தி எழுதினாள். அவளைச் சொல்லி என்ன?

மார்ச் 15

அவனுக்குத் தெரியாமல் திருமணப் பதிவு அலுவலகத்துக்குப் போனேன். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண் என்னைப் பார்த்ததும் எழுந்தே நின்றுவிட்டாள்.

"அய்யோ, வாணலி அக்கா! ஷூட்டிங்கா? கேமரா எங்க?"

"கேமரா இல்லம்மா. எனக்கு விவாகரத்து வேணும்."

அவள் பக்கத்து மேஜைக்காரியைக் கூப்பிட்டுக் காட்டிச் சிரித்தாள். "எங்க மாமியார் தினம் உங்களைத்தான் பாக்குறாங்க. இவ்வளவு சண்டை போடுறவங்க பிரியவே மாட்டாங்கக்கா!" அப்புறம் கொஞ்சம் நிதானித்து, "நிஜம்னாலும் ரெண்டு பேரும் சேர்ந்து வரணும். விண்ணப்பம் குடுத்து ஒரு மாசம் யோசிக்கணும், அப்புறம் மறுபடி ரெண்டு பேரும் வரணும். ஒருத்தர் வரலன்னாலும் எல்லாம் ரத்து" என்றாள்.

வெளியே வந்து படியில் உட்கார்ந்து அழுதேன். இரண்டு பெண்கள் என்னைச் செல்போனில் படம் எடுத்தார்கள்.

மார்ச் 16

கத்தினாலும் நடிப்பு. அழுதாலும் நடிப்பு. இனி என் வாயிலிருந்து என்ன வந்தால் நம்புவார்கள்?

மார்ச் 18

காலையில் கஞ்சியில் உப்பு அதிகம் என்றான். பதில் சொல்லத் தெம்பில்லை. "ஆமா, அதிகம்தான்" என்றேன். அடுத்து என்ன சொல்வதென்று தெரியாமல் கரண்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மதியம் லைவ். "இந்த விலைக்குக் குடுத்தா தெருவுலதான் நிக்கணும்!"

"நீ சொல்றதும் நியாயம்தான். குறைக்க வேணாம்."

வாணலியைத் தலைக்கு மேல் தூக்கிவிட்டிருந்தான். எதற்காக அடிப்பது? மெதுவாக அடுப்பின் மேல் வைத்தான். லிங்யுன் அக்காவின் விசிறி மேலே போனது, கீழே வந்தது, மறுபடி மேலே போனது. நான் கைகளை மடியில் வைத்துக்கொண்டு சிரித்த முகமாக இருந்தேன்.

ஒரு வாணலிகூடப் போகவில்லை. எத்தனை நாளுக்குப் பிறகு இப்படிப் பசித்துச் சாப்பிட்டேன்!

மார்ச் 22

"சரி." "ஆமா." "உன் இஷ்டம்." இவ்வளவுதான் பேசுகிறேன். பார்க்கிறவர்கள் கூட்டம் கூட்டமாகக் கழன்றுகொள்கிறார்கள். "அண்ணிக்கு உடம்பு சரியில்லையா?" என்று சிலர் கேட்கிறார்கள்.

"என் பிழைப்புல மண்ணைப் போடுறியா?" என்று வீட்டிலும் கத்துகிறான். சரி என்றேன். சுவரைக் குத்திவிட்டுக் கையை உதறிக்கொண்டான்.

மார்ச் 27

இன்றைக்கு மறுபடி அம்மா பேச்சை எடுத்தான். எனக்குள் எல்லாம் கொதித்து எழுந்தது. இப்போது வாயைத் திறந்தால் பழையபடி ஆகிவிடும் என்று தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்: "ஆமா, போயிட்டாங்க. எனக்கு அப்ப ஏழு வயசு."

அவ்வளவுதான். திரை முழுக்க அவனுக்குத் திட்டு. "நீயெல்லாம் ஒரு புருஷனா?" லிங்யுன் அக்கா லைவை நிறுத்திவிட்டாள்.

ஏப்ரல் 2

நான் பக்கத்தில் இருக்கும்போதே பேசிக்கொண்டார்கள்.

"புதுசா ஒருத்தியைப் போட்டுடலாம்டா."

"பழைய பொண்டாட்டி எங்கன்னு ஜனங்க கேப்பாங்களே அக்கா?"

"ஓடிப்போயிட்டான்னு சொல்லு. ஒரு வாரத்துக்கு அதுவே ஓடும்."

அப்போதுதான் எனக்கு வழி தெரிந்தது. "தாராளமா சொல்லிக்கோங்க. நான் மறுத்துப் பேசமாட்டேன். ஆனா அலுவலகத்துக்கு ரெண்டு தடவையும் அவன் என்கூட வரணும். வரலன்னா, நான் எங்கேயும் ஓடலன்னு உங்க லைவ்ல வந்து ஒரே ஒரு வரி எழுதுவேன்."

லிங்யுன் அக்கா சொன்னாள்: "இந்தப் புத்தியை வாணலி விக்கக் காட்டியிருக்கலாமே, சுயிங்!"

ஏப்ரல் 8

விண்ணப்பம் கொடுத்தாயிற்று. ஜன்னல்காரி நாங்கள் இருந்தவரைக்கும் கேமராவைத் தேடிக்கொண்டே இருந்தாள். இனி ஒரு மாதம். நான் ஊரின் மறுகோடியில் ஓர் அறை எடுத்துவிட்டேன். பொத்தான் கிடங்கில் பொட்டலம் கட்டும் வேலை.

ஏப்ரல் 21

பார்க்கக் கூடாது என்றுதான் இருந்தேன். பார்த்துவிட்டேன்.

புதியவளுக்கு நல்ல குரல். ஊரறிய ஓடிப்போனவள் நான். போகட்டும். ஆனால் நாலு மணிக்கு அவன் அவளைப் பார்த்து, "உங்க அம்மாவே உன்னை விட்டுட்டுத்தானே ஓடினா!" என்றான். அவள் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. என்னைவிட அழகாக அழுதாள்.

அடப்பாவி. அது என் அம்மாடா!

'அது என்னுடைய அம்மா' என்று தட்டச்சு செய்தேன். விரல் அனுப்பும் இடத்திலேயே நின்றது. அனுப்பினால் அவன் வரமாட்டான். வராவிட்டால் எல்லாம் ரத்து. ஒவ்வோர் எழுத்தாக அழித்தேன். அம்மாவை நானே விட்டுக்கொடுத்த மாதிரி இருந்தது. சாப்பிடாமல் படுத்துவிட்டேன்.

மே 11

வந்தான்.

பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். பேச எதுவுமே இல்லை. ஜன்னல்காரி எங்களைக் கொஞ்ச நேரம் கவனித்தாள். இந்தத் தடவை அவள் கேமராவைத் தேடவில்லை. விவாகரத்துச் சான்றிதழில் முத்திரை குத்தி ஆளுக்கொன்றாகக் கொடுத்தாள்.

வாசலில் ஒரு பையை நீட்டினான். உள்ளே வாணலி. "சமைக்கணும்ல" என்றான். தலையைக் குனிந்தபடி பேருந்துப் பக்கம் போனான். கோபப்படப் பார்த்தேன். வரவில்லை.

மே 19

பக்கத்து அறை அம்மா சோயா சாஸ் கடன் கேட்டு வந்தாள். அடுப்பைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"அட, சண்டைக்கார வாணலி! நீயும் அந்த லைவ் பாக்குறியா? உன் முகம்கூட அந்த முதல் பொண்டாட்டி சாயல்லதான் இருக்கு. பாவி, ஓடிப்போயிட்டாளாமே?"

"ஆமா, போயிட்டா" என்றேன்.

"என்னம்மா, கொஞ்சம் சத்தமாத்தான் பேசேன். காதுலயே விழல!"

திரும்பச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டே அவள் கிண்ணத்தில் சாஸை ஊற்றினேன்.